கேள்வி இருக்கற எடத்துக்கு கிராண்ட் வந்து சேரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய் சேய் நல ஆராய்ச்சிக்கு இத்தன கோடி ஒதுக்கீடு, இந்த ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம், கடைசி தேதி இதுன்னு அப்பப்ப பேப்பர்ல ஒரு ஓரமா செய்தி வரும். அத பாத்துட்டு ஒரு வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியர், இல்ல ஒரு பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ் அப்ளிகேஷன் போட்டாங்கன்னு நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. ஏன் போடலன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, எடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா சர்க்கரை டெஸ்ட் பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டிடாதீங்க.

நான் நர்சிங் படிச்சவ, திருவண்ணாமலை மாவட்டம். கவர்மெண்ட் வேல கெடைக்கல, அதனால பல வருஷம் ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுங்கள்ல ஃபீல்டு ஸ்டாஃபா ஓடிட்டு இருந்தேன். கர்ப்பிணிங்க லிஸ்ட் எடுக்கறது, வீட்டுக்கு போய் கன்சென்ட், அதாவது ஆராய்ச்சில சேர சம்மத கையெழுத்து வாங்கறது, பொறந்த கொழந்தைக்கு எடை, நீளம், தலை சுத்தளவு எடுக்கறது, ரத்தம் எடுத்து ஐஸ் பாக்ஸ்ல வெச்சு மதியத்துக்குள்ள லேபுக்கு அனுப்பறதுன்னு எல்லாம் பாத்திருக்கேன். கிராண்ட்டுன்னா, அதாவது ஆராய்ச்சிக்கு குடுக்கற நிதின்னா, மேல உக்காந்து பட்ஜெட் போடற ஆளு இல்ல நான், கீழ இருந்து அது வர்றதையும் பாத்திருக்கேன், திடீர்னு நின்னு போறதையும் பாத்திருக்கேன்.

மொதல்ல நல்லது சொல்லிடறேன். இன்னிக்கு எந்த பி.எச்.சி.க்கு போனாலும் கர்ப்பிணிக்கு சர்க்கரை டெஸ்ட் எடுக்கறாங்க இல்லையா, அது ஒரு கிராண்ட்டால வந்தது. டென்மார்க்ல இருக்கற வேர்ல்டு டயபடீஸ் ஃபவுண்டேஷன் நிதி குடுக்க, சென்னைல டாக்டர் வி. சேஷையாவும் அவர் டீமும் 2005 வாக்குல ஏறக்குறைய 12,000 கர்ப்பிணிங்கள டெஸ்ட் பண்ணாங்க. நகரத்துல 17.8 சதவீதம் பேருக்கும், சின்ன டவுன்கள்ல 13.8, கிராமத்துல 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகால சர்க்கரை இருந்துச்சு. அதுவரைக்கும் இது பணக்காரங்க வியாதி, கிராமத்து பொண்ணுங்களுக்கு எதுக்குன்னு நெனச்சிட்டு இருந்தாங்க, பத்துல ஒருத்திக்கு இருக்குன்னு நம்பர் கைல வந்ததும் யாரும் எதுத்து பேச முடியல. 2007-ல தமிழ்நாடு அரசு எல்லா கர்ப்பிணிக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு கொண்டு வந்துச்சு, அப்புறம் 2014-ல மத்திய அரசோட வழிகாட்டியிலயும் அதே முறைதான். வெறும் வயித்துல வரணும்னு இல்ல, சாப்பிட்டு வந்தாலும் பரவால்ல, 75 கிராம் குளுக்கோஸ குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவ ரத்தம், 140 இல்ல அதுக்கு மேல வந்தா சர்க்கரை இருக்குன்னு அர்த்தம். பஸ் புடிச்சு வர்ற பொம்பளைக்கு என்ன முடியும் என்ன முடியாதுன்னு யோசிச்சு பண்ண டெஸ்ட் அது. ஒரு கிராண்ட்டுக்கு இதவிட என்ன பலன் வேணும் சொல்லுங்க.

இப்ப அந்த டெஸ்ட்டையே கிட்ட போய் பாப்போம். குளுக்கோஸ் பவுடர 300 மில்லி தண்ணில கலக்கி கைல குடுப்பாங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல குடிச்சிடணும். மசக்கைல இருக்கற பொண்ணுக்கு அந்த இனிப்பு தண்ணிய பாத்தாலே கொமட்டும், மூக்க புடிச்சிட்டு ஒரே மடக்குல குடிக்கும், கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வேப்ப மரத்தடிக்கு ஓடும், அவ்ளோதான். அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அடுத்த நாள் திரும்ப எடுக்கணும்னு வழிகாட்டி சொல்லுது. அடுத்த நாள் வருமா அந்த பொண்ணு? நூறு நாள் வேல போயிடும், மூத்த கொழந்தைய விட ஆள் இல்ல, மாமியா வேற "அந்த சக்கர தண்ணி வயித்து புள்ளைக்கு ஆகாது, போவாத"ன்னு சொல்லியிருக்கும். ரிஜிஸ்டர்ல அந்த கட்டம் காலியா இருக்கும். எத்தன பேர் இப்படி விட்டு போறாங்க, எந்த மாசத்துல குடுத்தா கொமட்டல் கம்மி, கொஞ்சம் எலுமிச்ச புழிஞ்சு குடுத்தா நிக்குதா, வீட்டுக்கே போய் எடுக்க முடியுமா, இதெல்லாம் அந்த வி.எச்.என். அக்காக்கு நல்லா தெரியும், ஆனா அத கணக்கா எழுதி இது உண்மைன்னு காட்டறதுக்கு அவங்களுக்கு வழி இல்ல. ரெண்டு மூணு பி.எச்.சி., ஆறு மாசம், பயண செலவு, ஒரு டேட்டா என்ட்ரி ஆளு, ஒரு லட்சம் ரெண்டு லட்சத்துல முடியற வேல.

அந்த ஒரு லட்சத்த எங்க போய் கேக்கறதுங்கறதுதான் பிரச்சனை. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதோட கிராண்ட்டுக்கு பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டரா, அதாவது ஆராய்ச்சிக்கு தலைமை ஆளா நிக்கறவங்க ஒரு மெடிக்கல் காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்லயோ ரெகுலர் வேலைல இருக்கணும், தொண்டு நிறுவனம்னா டி.எஸ்.ஐ.ஆர்.னு ஒரு மத்திய அரசு அறிவியல் துறைல பதிவு கேப்பாங்க. ப்ரொபோசல் இங்கிலீஷ்ல, ஏற்கனவே என்ன பேப்பர் போட்டிருக்கீங்கன்னு லிஸ்ட், ஆராய்ச்சில சேர்றவங்களுக்கு கெடுதல் வராம பாக்கற எத்திக்ஸ் கமிட்டியோட அனுமதி. பி.எச்.சி.க்கு ஏதுங்க எத்திக்ஸ் கமிட்டி, அங்க பாதி நாள் பிரிண்டர்ல மை கெடையாது. மக்கள் வரிப்பணம், கணக்கு கேக்கணும்தான், எத்திக்ஸ் இல்லாம யாரும் கர்ப்பிணி மேல கை வெக்க கூடாதுதான், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. ஆனா ஒரே அளவு கதவ வெச்சு எட்டு கோடி ப்ராஜெக்ட்டும் ஒரு லட்சம் ப்ராஜெக்ட்டும் அது வழியாத்தான் போகணும்னா சின்னது உள்ளயே போகாது.

கிராமத்து ஆளுங்கள வெச்சு பெரிய ஆராய்ச்சி எல்லாம் நடக்காதுன்னு சில பேர் சொல்லுவாங்க, அவங்களுக்கு ரெண்டு ஊர ஞாபகப்படுத்தறேன். ஒன்னு மகாராஷ்டிரா கட்சிரோலி. அங்க டாக்டர் அபய் பங், ராணி பங் ரெண்டு பேரும் 39 கிராமத்துல, கொஞ்சமே படிச்ச உள்ளூர் பொம்பளைங்களுக்கு பயிற்சி குடுத்து, வீட்டுலயே பொறந்த கொழந்தைய பாத்துக்கற முறைய செஞ்சு காட்டினாங்க, கொழந்தைக்கு தொற்று வந்தா கண்டுபிடிச்சு ஊசி போடற வரைக்கும் அந்த பொம்பளைங்களே செஞ்சாங்க. மூணாவது வருஷத்துல பச்சக் கொழந்தைங்க சாவு 62 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு, 1999-ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்துச்சு. இன்னிக்கு ஆஷா பணியாளருங்க பொறந்த கொழந்தைய வீட்டுக்கு போய் பாக்கற திட்டம் நாடு முழுக்க இருக்கே, அதுக்கு வேர் அங்கதான். இன்னொன்னு கர்நாடகா பெல்காம். அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். நிதில, 1,620 பொம்பளைங்க கிட்ட நடந்த ஆராய்ச்சி, பிரசவம் ஆன உடனே மிசோப்ரோஸ்டால் மாத்திரைய வாய் வழியா குடுத்தது டாக்டர் இல்ல, ஏ.என்.எம்.னு சொல்ற கிராமத்து துணை நர்சுங்க. பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு 12 சதவீதத்துல இருந்து 6.4-ஆ கொறஞ்சுது. 2006-ல வந்த இந்த முடிவ உலகமே எடுத்து பேசுது, பின்னாடி 2011-ல உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரைய ரத்தப்போக்க தடுக்கறதுக்கு அத்தியாவசிய மருந்து பட்டியல்ல சேத்துச்சு. ரெண்டு எடத்துலயும் தலைமை டாக்டருங்கதான், இல்லன்னு சொல்லல, ஆனா வேலைய செஞ்சு டேட்டாவ கொண்டு வந்தது கிராமத்துல இருந்த பொம்பளைங்க.

நம்ம பக்கத்துலயே வேலூர எடுத்துக்கோங்க. வயித்துப்போக்கு வராம தடுக்கற ரோட்டாவாக் சொட்டு மருந்து, இப்ப பச்சக் கொழந்தைக்கு 6, 10, 14 வாரத்துல அஞ்சு சொட்டு விடறாங்களே, அந்த மருந்துக்கான பெரிய ஆராய்ச்சி டெல்லி, புனே, வேலூர் மூணு எடத்துல 6,799 கொழந்தைங்க கிட்ட நடந்துச்சு. 2014-ல முடிவு வந்துச்சு, 2016-ல தேசிய தடுப்பூசி திட்டத்துல சேந்துச்சு. வெளிநாட்டு நிதியும் நம்ம பயோடெக்னாலஜி துறை நிதியும் சேந்து பல வருஷம் நின்னு பண்ண வேல. அந்த 6,799 கொழந்தைங்கள்ல ஒவ்வொன்னுக்கும் பின்னாடி கதவ தட்டின ஒரு ஃபீல்டு ஸ்டாஃப் இருக்கா, வயித்தால போச்சா எத்தன தடவ போச்சுன்னு கேட்டு எழுதினவ.

அந்த ஸ்டாஃப் நெலம எப்படின்னா, நான் இருந்த ஒரு எடத்துல (பேரு வேணாம்) 11 மாச காண்ட்ராக்ட், நடுவுல ஒரு ப்ரேக், திரும்ப 11 மாசம். ரெண்டாவது தவணை பணம் வரலன்னு சம்பளம் நிக்கும், ஆனா ஃபாலோ-அப் நிக்க கூடாது, கொழந்தைக்கு ஆறாவது மாசம்னா ஆறாவது மாசம்தானே, அதனால கைக்காச போட்டு பஸ் ஏறுவோம். கர்ப்பிணிங்கள பத்தின ஆராய்ச்சி அது, அதுல வேல பாத்த ஒரு பொண்ணு கர்ப்பமானா, அடுத்த காண்ட்ராக்ட் லிஸ்ட்ல அவ பேரு இல்ல. யாரும் போன்னு சொல்லல, பேரு இல்ல அவ்ளோதான். பி.எச்.டி. பண்ற பொண்ணுங்களுக்கு யு.ஜி.சி. 2016-லயே 240 நாள் வரைக்கும் பிரசவ லீவு, கொழந்தை பராமரிப்பு லீவுன்னு விதி போட்டுச்சு, ஜே.ஆர்.எஃப்.னு ஆராய்ச்சி மாணவருங்களுக்கு குடுக்கற தொகைய கூட 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ஆக்கினாங்க, சீனியருக்கு 42,000. அதுக்கும் அந்த பசங்க ரோட்டுல எறங்கி போராடித்தான் வாங்கினாங்க. சரி நல்லது. எங்கள மாதிரி ப்ராஜெக்ட் ஸ்டாஃபுக்காக யாரு போராடறது?

இன்னொரு விஷயம், இது மனசுல ரொம்ப நாளா இருக்கு. கன்சென்ட் ஃபார்ம் நாலு பக்கம் இருக்கும், அத படிச்சு காட்டி முடிக்கறதுக்குள்ள "கையெழுத்து போட்டா ரேஷன் கார்டுல ஏதாச்சும் ஆவுமா நர்சம்மா"ன்னு பாட்டி கேக்கும், ஒன்னும் ஆகாது பாட்டின்னு சொல்லி வாங்குவோம். அந்த பொண்ணு ஒன்னே ஒன்னு கேக்கும், "என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு வந்து சொல்லுவீங்களா அக்கா". சொல்றோம்மான்னு சொல்லுவோம். அவசரமா கவனிக்க வேண்டியது இருந்தா சொல்லிடுவோம், அது விதி. ஆனா மொத்தமா ஆராய்ச்சில என்ன தெரிஞ்சுதுன்னு ஊருக்கு திரும்ப போய் சொல்ல பட்ஜெட்ல ஒரு ரூபா இருக்காது. வெளிநாட்டு கான்ஃபரன்ஸுக்கு டிக்கெட் இருக்கும், ஜர்னல்ல போட காசு இருக்கும், அந்த ஊர் கிராம சபைல ஒரு மைக் செட் போட்டு பத்து நிமிஷம் பேச காசு இருக்காது. கிராண்ட் குடுக்கறவங்க இத ஒரு கட்டாய தலைப்பா பட்ஜெட்ல வெச்சா, தானா நடக்கும், இல்லன்னா யாரும் செய்ய மாட்டாங்க.

இப்ப ஏன் இத எழுதறேன்னா, வெளிநாட்டு காசு இனிமே பழைய மாதிரி வராது. 2025-ல அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட மூடிட்டாங்க, பல நாட்டுல தாய் சேய் கணக்கெடுக்கற டி.எச்.எஸ். சர்வேயும் அதோட பாதில தடைபட்டுச்சு, அதே வருஷம் மே மாசம் என்.ஐ.எச்.சும் தன் கிராண்ட்டுல இருந்து வெளிநாட்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு பிரிச்சு குடுக்கற முறைய நிறுத்தறதா அறிவிச்சிடுச்சு. நம்ம பக்கம் 2020-லயே எஃப்.சி.ஆர்.ஏ.ன்னு வெளிநாட்டு நிதி வாங்கறதுக்கான சட்டத்த திருத்தி, வெளிநாட்டு நிதி வாங்கின ஒரு அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு பிரிச்சு குடுக்க கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, அதனால பெரிய தொண்டு நிறுவனம் கிட்ட இருந்து கிராமத்துல இருக்கற சின்ன அமைப்புக்கு வந்துட்டு இருந்த கொஞ்ச நஞ்சமும் நின்னுச்சு. இந்திய காசுல நடக்கறதே இல்லன்னு சொல்ல முடியாது, குருகிராம் சிவில் ஆஸ்பத்திரில 2015-ல பயோடெக்னாலஜி துறை நிதில ஆரம்பிச்ச கர்ப்-இனி ஆராய்ச்சி இருக்கு, குறைமாச பிரசவம் ஏன் ஆகுதுன்னு ஆயிரக்கணக்கான கர்ப்பிணிங்கள பாத்துட்டு வர்றாங்க. அந்த டேட்டாவ வெச்சு நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆளுங்களும் சேந்து, இந்திய கர்ப்பிணிங்களுக்கு ஸ்கேன்ல வாரக்கணக்கு போடறதுக்கு தனி கணக்கு முறையே 2024-ல கொண்டு வந்தாங்க. சூப்பர் விஷயம். ஆனா அது பெரிய இன்ஸ்டிட்யூட்டுங்களோட வேல, நான் கேக்கறது அதுக்கு பல படி கீழ.

தமிழ்நாடு எங்க நிக்குதுன்னு பாருங்க. 2018-20 கணக்குப்படி உயிரோட பொறக்கற லட்சம் கொழந்தைக்கு தாய் இறப்பு நாட்டுல 97, நம்ம கிட்ட 54. அஞ்சாவது குடும்ப நல சர்வேல ஆஸ்பத்திரி பிரசவம் 99.6 சதவீதம். அதனால ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா வாங்கம்மான்னு சொல்ற காலம் முடிஞ்சு போச்சு, இனிமே மிச்சம் இருக்கறது கஷ்டமான கேள்விங்க. அதே சர்வேல சிசேரியன் 44.9 சதவீதம், பிரைவேட்ல மட்டும் பாத்தா 63.8. கர்ப்பிணிங்கள்ல ஏறக்குறைய பாதி பேருக்கு ரத்த சோகை, இரும்பு சத்து மாத்திரைய வருஷக்கணக்கா குடுத்துட்டு இருக்கோம், அப்புறமும் பாதி பேர். ஏன்? மாத்திரை சாப்பிடலையா, சாப்பிட்டும் ஏறலையா, ஏழாவது மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு போனதும் இந்த ஊர் நர்ஸ் கையில இருந்து நழுவி அந்த ஊர் நர்ஸ் கைக்கு போய் சேராம நடுவுல விட்டு போகுதா? கர்ப்பிணிய பதிவு பண்ணி குடுக்கற பிக்மி நம்பர் இருக்கு, கம்ப்யூட்டர்ல பேரு வரும், ஆனா அந்த நடுவுல ரெண்டு மாசம் யாரு பி.பி. பாத்தா? கர்ப்பிணிங்களுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபா பணமும் பெட்டகமுமா குடுக்கறோம், அந்த பணம் கர்ப்ப காலத்துல கைக்கு வந்தா பழம் முட்டை ஆகுது, பொறந்த அப்புறம் வந்தா கடன் அடைக்க போகுது, இது எந்த நர்ஸ கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா கணக்கு காட்டுன்னா கணக்கு இல்ல. தாய் இறப்பு ஆடிட், அதாவது ஒவ்வொரு தாய் சாவும் ஏன் ஆச்சுன்னு விசாரிக்கறது, நம்ம மாநிலத்துல இருபது வருஷத்துக்கு மேல நடக்குது, கலெக்டர் முன்னாடி குடும்பத்து ஆளுங்கள உக்கார வெச்சு கேக்கற அளவுக்கு நடக்குது, அந்த ஃபைலுங்கள்ல எவ்ளோ இருக்கும் தெரியுமா.

நான் கேக்கறது பெருசு இல்ல. பொது சுகாதாரத்துறை ஒரு சின்ன ஃபண்ட் ஒதுக்கணும். ஒரு வி.எச்.என். இல்ல ஸ்டாஃப் நர்ஸ் தான் தலைமை, அவங்களோட ஒரு பி.எச்.சி. டாக்டர், மாவட்டத்துல இருக்கற மெடிக்கல் காலேஜ்ல இருந்து சமூக மருத்துவத்துறை ஆள் ஒருத்தர், எத்திக்ஸ் அனுமதிய அந்த காலேஜ் கமிட்டி பாத்துக்கட்டும். ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதி குடுத்தா போதும்னு வெக்கணும். எம்.பி.பி.எஸ். படிக்கற பசங்களுக்கே ஐ.சி.எம்.ஆர். 1979-ல இருந்து ரெண்டு மாச ஸ்டூடண்ட்ஷிப்னு ஒன்னு குடுத்துட்டு வருது, கத்துக்குட்டிங்கன்னு தெரிஞ்சும் நம்பி குடுக்குது, நானூறு ஐநூறு பிரசவம் பாத்த நர்ஸ நம்ப மாட்டாங்களா? வேலைய விட்டுட்டு ஆராய்ச்சி பண்ண சொல்லல, வாரத்துல ஒரு நாள் ட்யூட்டியா கணக்கு வெச்சு குடுத்தா போதும், ஏற்கனவே ரிப்போர்ட் ரிப்போர்ட்டுன்னு அவங்க கழுத்து வர வேல இருக்கு, அதுக்கு மேல இன்னொன்ன சும்மா ஏத்தினா அது ஆராய்ச்சி இல்ல தண்டனை.

கத்துக்க எடம் இல்லாம இல்ல. சென்னை அயப்பாக்கத்துல இருக்கற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் இன்ஸ்டிட்யூட், என்.ஐ.இ.ன்னு சொல்லுவாங்க, அவங்க என்.பி.டி.இ.எல்.ங்கற ஆன்லைன் படிப்பு தளத்துல ஆராய்ச்சி அடிப்படை பத்தி ஃப்ரீயா கோர்ஸ் நடத்தறாங்க, யாரு வேணா சேரலாம், சர்டிபிகேட் பரிச்சைக்கு மட்டும் ஃபீஸ். நான் பாத்திருக்கேன், நல்லா சொல்லி குடுக்கறாங்க, ஆனா இங்கிலீஷ் லெக்சர். அதே ஆளுங்கள்ல தமிழ் பேசறவங்க எத்தன பேர் இருப்பாங்க, ஒரு பேட்ச் தமிழ்ல நடத்தினா நம்ம மாவட்டத்துல இருந்தே நெறைய பேர் சேருவாங்க.

கடைசியா உங்க கிட்டயும் ஒன்னு. டி.என்.பி.எஸ்.சி., நீட், பேங்க் எக்ஸாமுக்கு முழு பக்கம் போடறீங்க, அதே பக்கத்துல ஐ.சி.எம்.ஆர்., பயோடெக்னாலஜி துறை, அப்புறம் இங்கிலாந்து வெல்கம் ட்ரஸ்ட்டும் நம்ம அரசும் சேந்து குடுக்கற இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப், இதுக்கெல்லாம் அறிவிப்பு வரும்போது யாரு அப்ளை பண்ணலாம், எவ்ளோ வயசு, எவ்ளோ பணம்னு தமிழ்ல தெளிவா போடுங்க. நர்ஸ் அப்ளை பண்ணலாமா முடியாதான்னு தனியா ஒரு வரி சேருங்க. முடியாதுன்னா அதையும் போடுங்க, ஏன் முடியாதுன்னு நாங்க அவங்க கிட்ட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவண்ணாமலை மாவட்டம்.